கோதும் கோழியும்

பழத்தைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டபின் எஞ்சி நிற்பதற்குத் தமிழிற் பல பெயர்கள் உள. சக்கை என்போம், கோது என்போம், தோல், தும்பு, கொட்டை எனப் பகுத்தும் வழங்குவோம். இவற்றுள் கோது என்னும் சொல் சிறிது நின்று நோக்குதற்குரியது. கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையும் கோது. கச்சானை உடைத்தபின் எஞ்சும் மேலோடும் கோது. யாழ்ப்பாணத்து வழக்கில் முட்டையின் ஓடும் கோதுதான். பழத்தின் கோதை உண்டு முட்டையின் கோதை ஆக்கித் தருதல் கோழிக்கு இயலுமா என்று வினவினால், அது பண்டிதர் சொல்லை வைத்து விளையாடும் விளையாட்டெனத் தோன்றும். ஆயின், இவ்வினாவுக்கு விடையறியாமல் நடந்தமையால் ஓர் ஏழைக் குடும்பத்தின் வரவு பாதியாகக் குறைந்ததை யான் அறிவேன். அதற்குக் காரணனாய் நின்றவனும் யானே. ஆதலின், இக்கட்டுரையைப் படிப்போர் இதனை ஓர் ஆராய்ச்சியாகக் கொள்ளினுங் கொள்ளுக. ஆசிரியனொருவன் தன் பிழைக்குச் செய்யும் கழுவாயாகக் கொள்ளினுங் கொள்ளுக.

வகுப்பறையில் விளைந்த பிழை

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாடு எவருக்கும் மறந்திராது. எரிபொருள் இல்லை, மாவு இல்லை, கால்நடைத் தீனுக்கு வேண்டிய சோளமும் கிடைத்தற்கரிதாயிற்று. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு இடப்பட்ட தடையால் விளைச்சல் குன்றியது. வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கோ நாணயம் இருக்கவில்லை. கோழித்தீனின் விலை ஏற ஏற, வளர்த்தோர் பலர் கோழிகளை விற்றுக் கூட்டை மூடினர். முட்டை ஏராளமாய் விளைந்த இந்நாடு, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது.

அக்காலத்தில் ஒருநாள் எங்கள் கல்லூரியில் நன்னூற் பொதுப்பாயிரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாணாக்கரின் வகையைக் கூறுமிடத்து அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கும் உவமைகளாக வருதலை வாசகர் அறிவர். நெய்யரி என்பது பன்னாடை. அது நல்ல நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடத்தே பற்றிக்கொள்ளும். இதனை விளக்கிவந்த யான், நாட்டின் நிலையை நினைந்து, பாடத்தினின்றும் சற்று விலகினேன். ‘நெய்யரியைப் பழிப்பது படிப்புக்கு மாத்திரமே பொருந்தும், குடும்பம் நடத்துவோர்க்கு நெய்யரியே குரு. சாற்றை ஒருவன் குடிக்கட்டும். சக்கையைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவன் பட்டினி கிடவான். கடைத்தெருவிலே எறிகிற பழத்தோல் முழுவதும் கோழிக்கும் ஆட்டுக்கும் தீன் அல்லவா?’ என்று கூறினேன். மாணவர் சிரித்தனர். எனக்கும் என் பேச்சு இனித்தது.

அன்று முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் தந்தையை இழந்தவன். தாயார் முப்பது முட்டைக் கோழிகளை வளர்த்து, அவ்வருவாயில் அவனையும் தங்கையையும் படிப்பித்து வந்தார். நாளொன்றுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து முட்டை கிடைத்துவந்தது. பேருந்து நிலையத்தருகே பழச்சாறு விற்கும் கடையொன்றிலிருந்து அவன் தோடம்பழத்தோலையும் சக்கையையும் சாக்கிற் கட்டிக்கொண்டு போனான். தாயார் அவற்றை வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்து, வாங்குந் தீனில் மூன்றிலொரு பங்கைக் குறைத்து, அக்குறைக்கு இத்தூளைக் கலந்து இட்டார். மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் மாலை அவ்வம்மையார் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

‘ஐயா, குறை சொல்ல வரேல்லை. நீங்கள் சொன்னதெண்டு பிள்ளை சொன்னான், அதுதான் போட்டனான். இப்ப பதினொரு முட்டைக்கு மேலை இல்லை. இடுகிறதும் தொட்டவுடனை நொருங்குது. கருவும் வெளிறிப் போச்சுது. ஆரும் கண்ணூறு பட்டுதோ தெரியேல்லை’ என்றார்.

கண்ணூறு அன்று, என் நாவூறு என்பதை உணர்ந்தேன். உண்மை யாதென அறிய வேண்டி, என்னிடம் முன்பு தமிழ் படித்து இப்பொழுது மிருக வைத்தியராகப் பணிபுரியும் ஒருவரை நாடினேன். அவர் வாயிற் கேட்டவற்றையும், அவர் காட்டிய நெறியில் யான் படித்தறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

தோலுக்கு ஒரு தொழில்

தோடம்பழத்தைப் பிழிந்தால் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சாறாகும். மற்றைப் பாதி தோலும் சக்கையும் விதையுமாய் எஞ்சும். வீட்டில் ஒரு பழத்தைப் பிழிவோர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆயின், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் சாற்றுத் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் இஃது ஒரு பெருந்துன்பமாயிற்று. சக்கையை வயல்களிற் கொட்டினர், நாறியது, ஈ மொய்த்தது. அதினின்றும் வடிந்த நீர் ஓடைகளைக் கெடுத்தது. ஈரச் சக்கையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீரே. அதனை எரிப்பதும் அரிது. நெடுந்தூரம் ஏற்றிச் செல்வதும் வீண்.

உலர்த்தலாமெனின், பெக்டின் என்னும் பசைப்பொருள் நீரை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டாது. எத்துணை அழுத்திப் பிழிந்தாலும் சக்கை கூழாய் வழுக்குமேயன்றி நீரைக் கக்காது. அதற்குக் கண்ட வழி சுண்ணாம்பு. அரைத்த சக்கை ஆயிரம் பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுண்ணாம்பைக் கலந்தால் பெக்டினின் பிடி தளர்கின்றது, நீர் பிரிகின்றது, பின்னர் வெப்பத்தில் உலர்த்தலாம். பிரிந்த நீரை வற்றக் காய்ச்சினால் அதுவும் பாகாகி மாட்டுக்கு உணவாகின்றது. சாற்றைச் சுண்டச்செய்து உறையவைக்கும் முறைக்கு 1948இல் காப்புரிமை வழங்கப்பட்ட பின்னர், புளோரிடாவிற் பிழியப்பட்ட பழத்தின் அளவு பன்மடங்காயிற்று. உலர்ந்த சக்கையும் அவ்வாறே பெருகிப் பாற்பண்ணைகளுக்குச் சென்றது. பின்னர்ப் பிரேசில் நாட்டுச் சாவோ பவுலோ மாநிலம் சாற்றுத் தொழிலில் முதலிடம் பெற்றது. அங்கிருந்து சக்கை உருண்டைகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன.

பழம் உள்ளவரைதான் சக்கையும் உண்டு. 2003-04ஆம் பருவத்தில் இருபத்துநான்கு கோடிப் பெட்டிகளுக்கு மேல் தோடம்பழம் தந்த புளோரிடா, 2022-23இல் ஒன்றரைக் கோடியைச் சற்றே கடந்த பெட்டிகளைத்தான் தந்தது. 2005இல் அங்கு முதன்முதற் காணப்பட்ட பச்சைநோய் என்னும் மரநோயே இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம். புயல்களும் அதனுடன் சேர்ந்துகொண்டன. சக்கையை நம்பித் தொழில் நடத்துவோரும் மரத்தின் நலத்தையே நம்பி நிற்கின்றனர்.

பசுவின் வயிறும் கோழியின் வயிறும்

உலர்ந்த இச்சக்கையை உண்டு பசு செழிக்கின்றது, கோழி மெலிகின்றது. ஒரே பொருள் ஒன்றுக்கு அமுதாகவும் மற்றொன்றுக்கு வெறுங்கோதாகவும் ஆவதேன்?

அசைபோடும் விலங்குகளின் முன்வயிறு ஒரு பெரிய மிடா. அதிற் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பசு உண்ணும் நாரையும் பெக்டினையும் அவை முன்னர் உண்கின்றன. அவை புளிக்கவைத்துத் தரும் அமிலங்களே பசுவுக்கு உணவாகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களும் பசுவின் குடலிற் செரித்துப் புரதமாகின்றன. நாம் பசு புல்லைத் தின்கின்றது என்கின்றோம். புல்லைத் தின்பவை நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்பது பசு என்பதே உண்மைக்கு அணித்து.

கோழிக்கு அம்மிடா இல்லை. கொத்திய இரை தீன்பையில் ஊறி, சுரப்பு வயிற்றில் அமிலத்துடன் கலந்து, கல்லும் மணலுமுள்ள அரைவைப்பையில் அரைபட்டு, குடலினுட் செல்கின்றது. குடலின் கடைக்கோடியில் இரண்டு குருட்டுக்குடல்கள் உள்ளன. அவற்றில் நுண்ணுயிர்கள் இருப்பினும், நுண்ணிய துகளும் நீர்மமும் மாத்திரமே அவற்றினுட் புகும். நார் பெரும்பாலும் நேரே வெளியேறிவிடும். ஆகவே, சோளம் ஒரு கிலோகிராம் கோழிக்குத் தரும் வலுவிற் பாதியைத்தானும் தோடஞ்சக்கை ஒரு கிலோகிராம் தருவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் தின்னும். அத்தீனில் நூற்றுக்குப் பதினாறு முதல் பதினெட்டுப் பங்கு புரதமும், நான்கு பங்கு அளவிற் கல்சியமும் இருத்தல் வேண்டும். தோடஞ்சக்கையிற் புரதம் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்குதான். பதினேழு பங்கு புரதமுள்ள தீனில் மூன்றிலொன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தைச் சக்கையால் நிரப்பினால், கலவையின் புரதம் பதின்மூன்றளவிற்குத் தாழும். நாளொன்றுக்கு 18 கிராமுக்கு மேற் பெற்ற கோழி 15 கிராமுக்கும் குறையவே பெறும். ஒரு முட்டையிலேயே ஆறு கிராமுக்கு மேற் புரதம் உண்டு. கோழி தன் உடலையும் காத்துக்கொள்ளல் வேண்டும். முட்டையின் கோது ஒன்றை ஆக்க இரண்டு கிராமுக்கு மேற் கல்சியம் வேண்டும். தின்னுங் கல்சியமோ நான்கு கிராமுக்கு மேலிருந்து மூன்றளவாக வீழ்கின்றது. அதிலும் ஒரு பகுதியே உடலிற் சேர்கின்றது. கோது மெலியாது வேறென் செய்யும்? போதாததற்குக் கைப்புச் சுவை காரணமாகக் கோழி தீனையே குறைவாகக் கொத்துகின்றது.

கண்ணூறு என அவ்வம்மையார் எண்ணியது இந்தப் பெருக்கல் வகுத்தலேயாகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இக்கணக்கைப் போட்டுப் பாராமல் நெய்யரிக்குப் புகழ் பாடியவன் யான்.

கைப்பின் கதை

கணக்கோடு கதை முடிந்ததன்று. தோடையினத்துப் பழங்களின் விதையில் லிமோனின் என்னும் கைப்புப்பொருள் உண்டு. பிழிந்த சாறு சிறிது நேரம் வைத்திருக்கக் கைப்பேறுவதும் இதனால்தான். பழத்திற் கைப்பின்றி அடங்கியிருந்த பொருளொன்று சாற்றின் புளிப்பினால் மெல்ல லிமோனினாக மாறுகின்றது. 1951இற் புளோரிடா விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட அறிக்கையொன்று, எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் தோடைவிதைப் பிண்ணாக்குக் கோழிகளுக்கு நஞ்சாவதைக் காட்டியது. மாட்டுக்குத் தீங்கு செய்யாத அப்பிண்ணாக்குக் கோழிக்குஞ்சுகளுக்கு ஆகவில்லை. அந்நஞ்சு லிமோனினே எனக் கொள்ளப்பட்டது. ஆதலின், சக்கையைக் கோழிக்கு இடுவோர் முதற்கண் விதையை நீக்குதல் வேண்டும். அவ்வம்மையார் விதையையும் சேர்த்தே இடித்திருந்தார்.

பெக்டினும் வாளாவிருப்பதன்று. ஈரச் சக்கையில் நீரைப் பற்றிக்கொண்ட அதே பசைத்தன்மை கோழியின் குடலிலும் வேலை செய்கின்றது. குடலில் உள்ளது கூழாய்த் தடிப்பதால், செரிக்கச்செய்யும் நொதியங்கள் மற்றைத் தீனையும் சரிவர அணுகமாட்டா. எச்சம் இளகி ஒட்டும். முட்டையில் அழுக்குப் படியும். பெக்டினைப் பிளக்கும் நொதியங்களைத் தீனிற் கலப்பதால் இக்குறை ஓரளவு நீங்குமென்பர். அதுவும் பண்ணைக்காரர்க்கு எளிது. முப்பது கோழி வைத்திருப்பார்க்கு எளிதன்று.

கருவின் நிறம்

முட்டைக் கருவின் மஞ்சள் நிறத்தைக் கோழி தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது, தின்பதிலிருந்தே பெறும். மஞ்சட் சோளத்திலும் பச்சை இலைகளிலுமுள்ள லூட்டின், சியாசாந்தின் முதலிய நிறப்பொருள்களே கருவிற் படிகின்றன. தவிடும் வெள்ளைச் சோளமும் மாத்திரம் தின்னும் கோழியின் கரு வெளிறியிருக்கும். இந்நிறத்தை அளப்பதற்கெனப் பதினைந்து படிகளாக நிறந்தீட்டிய விசிறியொன்று பல நாடுகளில் வழங்குகின்றது.

தோடஞ்சக்கை பொன்னிறமாய் இருத்தலின் கருவும் பொன்னிறமாகும் என எண்ணுதல் இயல்பே. அம்மையாரும் அவ்வாறே எண்ணினார். ஆயின், கண்ணுக்கு மஞ்சளாய்த் தோன்றுவதெல்லாம் கருவிற் படிவதன்று. சோளத்தைக் குறைத்துச் சக்கையைக் கூட்டினால், படியும் நிறம் குறைந்து படியாத நிறம் கூடும். இவ்வகையில் தக்காளிப்பழச் சக்கை மேலானது. கலிபோர்னியாவிலும் இத்தாலியிலும் தக்காளிச் சாறும் குழம்பும் செய்யும் தொழிற்சாலைகளில் எஞ்சும் தோலும் விதையும், உலர்ந்த நிலையில் நூற்றுக்கு இருபது பங்களவு புரதம் உடையவை. அதிலுள்ள சிவப்பு நிறப்பொருளாகிய லைக்கோப்பீனில் ஒரு பகுதி கருவிற் சேர்ந்து அதனைச் செம்மஞ்சளாக்குகின்றது. தக்காளி காய்கறிக் கடையில் இருப்பினும் தாவரநூலார்க்கு அது பழமே.

மற்றைச் சக்கைகளும் தத்தம் குணமுடையன. முந்திரிகைச் சக்கையிலே துவர்ப்புப்பொருளாகிய தனின் மிகுதி. அது புரதத்தைப் பற்றிக்கொண்டு செரியாமற் செய்யும். எனினும், சிறிதளவு சேர்த்தால் அத்துவர்ப்புப்பொருள்களே கொழுப்புச் சிக்குப்பிடித்துக் கெடுவதைத் தடுக்க உதவும். அப்பிள் சக்கை இனிப்புடையது, புரதமோ குறைவு, விதையில் நஞ்சாகத்தக்க பொருளும் சிறிதுண்டு. மாங்கொட்டையினுள் இருக்கும் பருப்பிற் பாதிக்கு மேல் மாப்பொருள். பத்திலொரு பங்கு வரையிற் கொழுப்பும் உண்டு. ஆயினும் அதிலும் தனின் இருத்தலின், பச்சையாய் இட்டாற் கோழி வளர்ச்சி குன்றும். அவித்து நீரை இறுத்து உலர்த்தினால் ஓரளவு குற்றம் நீங்கும். இம்மாம்பருப்பின் கொழுப்பைச் சொக்கலேற்றிற் கொக்கோ வெண்ணெய்க்குத் துணையாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய விதி இடந்தருகின்றது. தோடந்தோலினின்றும் அப்பிள் சக்கையினின்றும் எடுக்கப்படும் பெக்டினே நாம் பாணிற் பூசும் பழப்பாகை உறையச்செய்கின்றது. நாம் கழிவென்று கூறுவது மற்றொருவர்க்கு முதற்பொருள். ஆயினும், அது எவருக்கு முதற்பொருள் என்பதை அறிதலிலேயே எல்லாம் அடங்கியிருக்கின்றது.

மலிந்த தீனின் மறைந்த விலை

சக்கையால் வரும் தீங்கு சக்கையிலிருந்தே வருமென்பதும் இல்லை. 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபொழுது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்ததும், அப்பூஞ்சணம் கக்கிய நஞ்சே பறவைகளின் ஈரலை அழித்ததும் தெரியவந்தன. அப்ளாடொக்சின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சைப் பற்றிய அறிவு உலகிற் பரவியது அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே. இனிப்பும் ஈரமும் மிக்க பழச்சக்கை எம் நாட்டு வெப்பத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சாக்கிற் கிடந்தாற் போதும், பூஞ்சணம் தலைகாட்டும். மேலே பூத்ததைத் தட்டிவிட்டு இடித்தாலும் நஞ்சு உள்ளேயே நிற்கும்.

வேறொரு செய்தி இன்னும் வியப்புடையது. 1998இல் ஜேர்மனியிற் பசுப்பாலில் டயொக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் கூடியிருக்கக் கண்டனர். காரணத்தைத் தேடிச் சென்றோர், பிரேசிலிலிருந்து வந்த தோடஞ்சக்கை உருண்டைகளிடத்தே போய் நின்றனர். பழத்திற் குற்றமில்லை, மரத்திற் குற்றமில்லை, சக்கையின் நீரைப் பிரிப்பதற்குச் சேர்த்தார்களே சுண்ணாம்பு, அதிலே குற்றம். வேறொரு தொழிற்சாலையிற் கழிவாய் எஞ்சிய சுண்ணாம்பு மலிவாய்க் கிடைத்தமையின் அதனைக் கலந்திருந்தனர். ஒரு கழிவைப் பயன்படுத்துவதற்கு மற்றொரு கழிவைத் துணைகொண்டனர். ஒரு கண்டத்தின் பழத்தோட்டத்தில் தொடங்கியது மற்றொரு கண்டத்துக் குழந்தையின் பாற்கிண்ணத்தில் வந்து முடிந்தது.

அடுத்த ஆண்டாகிய 1999இல் பெல்ஜியத்தில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைத்தற்குரியது. மறுபடியும் பயன்படுத்துவதற்காகச் சேகரித்த கொழுப்பில் மின்மாற்றி எண்ணெயின் நச்சுப்பொருள் கலந்து, அது தீனிற் சேர்ந்துவிட்டது. அதனை முதலில் அறிவித்தவர் வைத்தியருமல்லர், அதிகாரிகளுமல்லர், கோழிகளே அறிவித்தன. முட்டை குறைந்தது, அடைவைத்த முட்டை பொரிக்கவில்லை. முட்டையிடும் பேடு நாள்தோறும் தன் உடலின் கணக்கை எழுதி வெளியே வைக்கின்றது. படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். என் மாணவனின் தாயார் பதினொரு முட்டையை எண்ணிப் படலையில் வந்து நின்றபொழுது, அக்கணக்கையே கொண்டுவந்து காட்டினார்.

ஆடு தந்த விடை

மிருக வைத்தியர் கூறிய பரிகாரம் எளிது. சக்கையை உடனே நிறுத்துக. முழுத் தீனையும் இடுக. சிப்பியை இடித்துத் தனிக் கலத்தில் வைக்க. கருவின் நிறத்துக்கு முருங்கையிலையும் அகத்தியும் போதும். பழச்சக்கை இட்டே ஆகவேண்டுமெனின், விதை நீக்கி, அன்றன்றே உலர்த்தி, நூற்றுக்கு ஐந்து பங்கினுள் அடக்குக; அதுவும் தீனிற் புரதமும் கல்சியமும் குறையாதபடி பார்த்துக்கொண்டே செய்க என்றார். பின்னர், ‘வீட்டில் ஆடு நிற்கிறதா?’ என்று கேட்டார். இரண்டு நின்றன. ‘அப்படியானால் தோலை எறிவானேன்? ஆடும் அசைபோடுவதுதானே. சிறிது சிறிதாகப் பழக்கி, குழையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்றார்.

எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஒரு செடியையும் நிறைய மேயாமல் அங்குமிங்குந் தாவிக் கடித்தலின் ஆட்டைக் கடைமாணாக்கனுக்கு உவமை சொல்லுகின்றோம். கோழிக்கு ஆகாத கோதைப் பாலாக்கித் தரும் வித்தை அந்தக் கடைமாணாக்கனிடத்தில் இருந்தது. அன்று வகுப்பறையில் யான் ‘கோழிக்கும் ஆட்டுக்கும்’ என ஒரே மூச்சிற் கூறினேன். அந்த ‘உம்’மைதான் என் பிழை. எண்ணும்மை சேர்த்தவற்றையெல்லாம் இயற்கையும் சேர்த்துவைத்திருக்குமென எண்ணிவிட்டேன். இலக்கணம் படிப்பிப்போர்க்கு இப்பிழை எளிதில் வரும்.

தீன்மூடை ஒன்றை வாங்கி அவ்வீட்டுக்கு அனுப்பினேன். அம்மையார் அதனை இனாமாக ஏற்க மறுத்துவிட்டார். ‘படிப்பிக்கிறவரிட்டைக் கடன் வாங்கலாம் ஐயா, தண்டம் வாங்கப்படாது’ என்றார். கடனென எழுதிக்கொண்டார். ஐந்தாறு வாரத்தில் முட்டை இருபதைக் கடந்தது. நான்கு கோழிகள் இறகுதிர்த்து நின்றன. அவை பழையபடி இடுவதற்கு மேலும் காலஞ் சென்றது. அவ்வளவு காலமும் சனிக்கிழமைதோறும் அப்பிள்ளை ஐந்து முட்டையைக் கொண்டுவந்து தந்து கடனைக் கழித்தான். கடைசித் தவணையைக் கொண்டுவந்த நாளில், ஒரு முட்டையை எடுத்து மேசையில் மெல்லத் தட்டிக் காட்டி, ‘ஐயா, கோது இறுகிவிட்டது’ என்றான்.

இப்பொழுதும் ஆண்டுதோறும் அப்பாயிரத்தைப் படிப்பிக்கின்றேன். நெய்யரி வருமிடத்தில் முன்போலப் பாடத்தை விட்டு விலகுகின்றேன். ஆயின் வேறொன்று சொல்லுகின்றேன். கசட்டைப் பற்றிக்கொள்ளுதல் மாத்திரம் அறிவன்று. பற்றிக்கொண்ட கசடு யாருக்கு உணவு, யாருக்கு நஞ்சு, எத்துணை அளவு என்று ஆராய்தலே அறிவு. பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுமுன் ஆசிரியன் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறையில் நாம் வீசும் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் உரலில் இட்டு இடிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கின்றனர்.